ப்ராக் நகரை நடந்து பார்க்க: குடைக்குப் பின்னால் போவதா, தனியாகப் போவதா, கைடு வைப்பதா?

ப்ராக் போக விசாவும் டிக்கெட்டும் கைக்கு வந்ததும் அடுத்து வருகிற கேள்வி, பழைய நகரத்தை எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்பதுதான். தேடினால் குடை பிடித்த கைடின் பின்னால் கூட்டமாகப் போகும் ‘இலவச’ வாக்கிங் டூர் ஒரு பக்கம், தனி கைடு ஒரு பக்கம், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நீங்களே போங்கள் என்று இன்னொரு பக்கம் வந்து நிற்கும். எல்லாமே நல்லதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வழி பொருந்தும். ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்கப் பார்த்துவிட நினைத்தால் கால் வலிதான் மிஞ்சும், ஊர் மனதில் நிற்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலம், சதுக்கம், கோட்டையின் வெளிமுற்றங்கள், இதற்கெல்லாம் யாரும் கூட வர வேண்டாம், விடியற்காலையில் நீங்களே போங்கள். யூதக் குடியிருப்புக்கும் கோட்டைக்குள் இருக்கும் பேராலயத்துக்கும் நல்ல கைடு ஒருவரை அரைநாளுக்குக் கண்டிப்பாக வையுங்கள், காசு போனாலும் பரவாயில்லை. டிப்ஸ் வாங்கும் குரூப் டூர், தனி ஆளாக வருகிறவர்களுக்கும் கையில் ஒரே ஒரு நாள் இருப்பவர்களுக்கும் சரி.

நடப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. பழைய மையம் அவ்வளவு சிறியது. அந்தக் காலத்தில் முடிசூட்டு விழாவுக்கு ஊர்வலம் போன பாதை பவுடர் டவர் என்ற கோபுரத்தில் தொடங்கி, செலெட்னா தெரு, பழைய நகரச் சதுக்கம், கார்லோவா தெரு, சார்லஸ் பாலம், நெருடோவா தெரு வழியாகக் கோட்டை வரை போகும். மொத்தமே ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர்தான். சுற்றுலாப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் அது இந்தச் சந்துகளுக்குள் நுழையவே முடியாமல் வெளிச்சாலையில் சுற்றிக்கொண்டிருக்கும். நின்றுகொண்டே ஓட்டும் செக்வே வண்டிகளை 2016-லேயே மையத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். ஆக, நடைதான்.

ஆனால் அந்த இரண்டரை கிலோமீட்டரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நடைபாதை முழுக்க விரல் நீளக் கல் துண்டுகளைக் கோலம் மாதிரி பதித்திருக்கிறார்கள், பார்க்க அழகு. வண்டிப் பாதையிலோ உருண்டை முதுகு வைத்த பெரிய கற்கள், நூற்றாண்டுகளாக ஆட்கள் நடந்து வழவழவென்று ஆகிவிட்டவை. மழை தூறினால் வழுக்கும். மெல்லிய அடித்தோல் வைத்த செருப்போ குதிகால் வைத்த ஷூவோ போட்டுக்கொண்டு போனால் மதியத்துக்குள் பாதம் எரிய ஆரம்பிக்கும். கல்லின் ஒவ்வொரு முனையும் காலுக்குத் தெரியும். குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி என்றால் பெரிய சக்கரம் வைத்ததாக இருக்கட்டும், சின்னச் சக்கரங்கள் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். இது எல்லாவற்றையும்விட முக்கியம், கோட்டை இருப்பது மேட்டில். நெருடோவா தெரு நெடுக ஏற்றம். குரூப் டூர்களில் பல சதுக்கத்தில் தொடங்கிப் பாலத்தைக் கடந்து அந்த ஏற்றத்தில் கடைசியாக ஏறுகின்றன, அதுவும் ஆட்கள் ஏற்கெனவே களைத்துப்போன நேரத்தில்.

அதனால் யாரோடு போனாலும் சரி, திசையை மாற்றுங்கள். 22-ஆம் எண் டிராம் உங்களை மேலேயே கொண்டுபோய் விட்டுவிடும். ‘ப்ராஷ்ஸ்கி ஹ்ராட்’ நிறுத்தத்தில் இறங்கினால் ஏற்றமே இல்லாமல் சில நிமிட நடையில் கோட்டையின் வடக்கு வாசல். இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி ‘போஹோர்ஜெலெட்ஸ்’ வரை போனால் ஸ்ட்ராஹோவ் மடாலயம், லொரெட்டா திருத்தலம், அப்புறம் கோட்டை என்று இறங்கிக்கொண்டே வரலாம். ஸ்ட்ராஹோவ் மடத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஊரின் சிவப்புக் கூரைகள் மொத்தமும் கீழே விரிந்து கிடக்கும். வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பயணத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும். முட்டிவலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் கவனம் தேவை, அதனால் பழைய கோட்டைப் படிக்கட்டுகளைத் தவிர்த்து நெருடோவா தெரு வழியாகவே நிதானமாக இறங்கட்டும். அங்கே வீட்டு வாசல்களுக்கு மேலே மூன்று வயலின், சிவப்பு ஆட்டுக்குட்டி என்று கல்லில் செதுக்கிய அடையாளங்கள் இருக்கும். கதவு எண் வருவதற்கு முன்னால் வீட்டைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. நின்று பார்க்கச் சாக்கும் கிடைக்கும், மூச்சு வாங்க நேரமும் கிடைக்கும்.

சரி, முதலில் குரூப் டூர்.

பழைய நகரச் சதுக்கத்துக்குக் காலை பத்து மணிவாக்கில் போனால் கலர் கலராகக் குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். பெயர் இலவச டூர், கடைசியில் நீங்கள் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். நடத்துகிற பல நிறுவனங்கள், வந்த தலைகளை எண்ணி ஆளுக்கு இவ்வளவு என்று கைடிடமே வசூலிக்கின்றன. அதனால் நீங்கள் எதுவும் கொடுக்காமல் நழுவினால் உங்களுக்காக அந்த கைடுதான் தன் பையிலிருந்து கட்டுகிறார். இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஆளுக்கு 10 யூரோவோ அதற்கு ஈடாக செக் நாணயமான கொருனாவோ கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து. நான்கு பேர் குடும்பமாகப் போய் அப்படிக் கொடுத்தால் 40 யூரோ, அந்தத் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் தனி கைடுக்கான பணத்தில் நல்ல பகுதி வந்துவிடுகிறது. ‘இலவசம்’ என்ற சொல்லை மறந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இதில் நல்லது என்ன? கைடுகளில் பெரும்பாலோர் நன்றாகப் பேசக்கூடியவர்கள். வருமானமே பேச்சை நம்பித்தான் என்பதால் இரண்டரை மணி நேரத்துக்கு உங்களைத் தூங்க விட மாட்டார்கள். முதல் நாள், ஊர் புரியாத நிலையில், எது எங்கே இருக்கிறது என்ற மேப் தலைக்குள் உட்கார இது போதும். தனியாக வந்தவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பேச்சுத்துணை கிடைத்துவிடும். கையில் ஒரு நாள்தான் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

கெட்டது, கூட்டம். இருபது முப்பது பேருக்குப் பின்வரிசையில் நின்றால் பாதிதான் காதில் விழும், அதுவும் பக்கத்தில் இன்னொரு குடை வேறு மொழியில் பேசிக்கொண்டிருக்கும். கட்டணம் வாங்கும் எந்த இடத்துக்குள்ளும் போக மாட்டார்கள், வெளியே நின்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். குழந்தைக்குப் பாத்ரூம் வந்தாலும் அம்மாவுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தாலும் குடை நிற்காது. தொடர்ந்து பேச்சு ஆங்கிலத்தில், அதுவும் வேகமாக, என்பதால் அந்த மொழியில் பழக்கமில்லாத பெரியவர்கள் அரைமணியில் கவனத்தை விட்டுவிடுவார்கள்.

வானியல் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணி அடிப்பதற்கும் பத்து நிமிடம் முன்னால் எல்லாக் குடைகளும் அதன் கீழே வந்து சேர்ந்துவிடும். மணி ஆனதும் எலும்புக்கூட்டுப் பொம்மை கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு ஜன்னல்கள் திறந்து பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் வரிசையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், சேவல் ஒன்று கூவும், முடிந்தது. ஒரு நிமிடம் கூட இருக்காது. தூக்கிப் பிடித்த போன்களுக்கு நடுவே ‘இவ்வளவுதானா’ என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் கலைவார்கள். பொம்மைகள் பிற்காலத்தில் சேர்த்தவை. 1410-இல் செய்த அதிசயம் அந்தத் தட்டுதான், அதை நின்று பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. ரோமன் எண்களில் நமக்குப் பழக்கமான நேரம். வெளிவளையத்தில் பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை எண்கள், அவை சூரியன் மறைவதிலிருந்து நேரத்தை எண்ணுகின்றன, அதனால் பருவத்துக்கு ஏற்ப அந்த வளையமே நகர்ந்துகொடுக்கிறது. உள்ளே மையம் விலகிச் சுற்றும் ஒரு வளையத்தில் மேஷம் ரிஷபம் முதலான பன்னிரண்டு ராசிகள். தங்கச் சூரியன் எந்த ராசியில் நிற்கிறது, நிலா எங்கே இருக்கிறது, வளர்பிறையா தேய்பிறையா என்பது வரை அதிலேயே தெரியும். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கீழிருந்து ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்துப் பாருங்கள், அங்கிருந்து நகர மாட்டார்கள். இதற்குக் கூட்டம் கலைந்த பிறகு, மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்துப் போய் நிற்க வேண்டும். குரூப்பில் இருந்தால் அந்த நேரத்தில் அடுத்த இடத்துக்கு நடந்துகொண்டிருப்பீர்கள். ஒரு எச்சரிக்கை: எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடம்தான் பிக்பாக்கெட்காரர்களுக்கும் வசதி, பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தனியாகப் போவது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஆனால் நேரம் தவறினால் இதில் ஒன்றுமே இல்லை.

சார்லஸ் பாலம் 516 மீட்டர் நீளம், பத்து மீட்டருக்கும் கொஞ்சம் குறைவான அகலம். பகல் பதினொரு மணிக்கு அந்தப் பத்து மீட்டரில் படம் வரைகிறவர்கள், நகை விற்கிறவர்கள், வாத்தியக்காரர்கள், நான்கைந்து குடைகள், எதிரும் புதிருமாக வரும் கூட்டம், எல்லாம் சேர்ந்து தோளோடு தோள் உரசித்தான் நகர முடியும். அதே பாலத்தில் சூரியன் வரும் நேரத்துக்குப் போனால் கல்யாணப் படம் எடுக்க வந்த ஓரிரு ஜோடிகளும் ஓட்டப்பயிற்சி செய்கிறவர்களும் மட்டும் இருப்பார்கள். ஜூன் மாதத்தில் விடியல் ஐந்து மணிக்கும் முன்னால், எழுந்திருப்பது கஷ்டம்தான். டிசம்பரில் எட்டு மணிவாக்கில்தான் விடியும் என்பதால் குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு இது தானாகவே அமைந்துவிடும்.

அந்த நேரத்தில் நிதானமாக முப்பது சிலைகளையும் பார்க்கலாம். 1342 வெள்ளத்தில் பழைய பாலம் போனபின் நான்காம் சார்லஸ் மன்னர் காலத்தில் 1357-இல் கட்டத் தொடங்கிய பாலம் இது. சிலைகள் பெரும்பாலும் பல நூற்றாண்டு கழித்து வந்தவை. மணற்கல் சிலைகளில் பலவற்றின் அசல்கள் இப்போது அருங்காட்சியகத்தில், இங்கே நிற்பவை நகல்கள். பாலத்துச் சிலைகளில் மிகப் பழையது 1683-இல் வைத்த நெபோமுக் ஜான் என்ற புனிதரின் வெண்கலச் சிலை. அவரை 1393-இல் கொன்று ஆற்றில் போட்டார்கள். சிலையின் அடியில் இரண்டு வெண்கலப் பலகைகள் இருக்கும், சுற்றிலும் கறுத்துப்போயிருக்க, புனிதர் ஆற்றில் விழுகிற அந்த இடமும் இன்னொரு பக்கம் வீரன் தடவிக்கொடுக்கிற நாயும் மட்டும் கை பட்டுப் பட்டுத் தங்கமாக மின்னும். தொட்டால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. பகலில் அங்கே வரிசையே நிற்கும்.

தனியாகப் போவதில் உள்ள குறையும் இதே பாலத்தில்தான் தெரியும். பழைய நகரப் பக்கத்தில் ஒரு பெரிய சிலுவை, அதைச் சுற்றித் தங்க முலாம் பூசிய ஹீப்ரு எழுத்துகள். அழகாக இருக்கிறது என்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். 1696-இல் ஒரு யூதரைச் சிலுவையை நிந்தித்ததாகக் குற்றம் சாட்டி, தண்டனையாக அவர் செலவிலேயே யூத வழிபாட்டில் வரும் புனித வாசகத்தை அங்கே எழுத வைத்தார்கள். அந்த ஊர் யூதர்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பாலத்தைக் கடந்தார்கள். இதை விளக்கி 2000-ஆம் ஆண்டில் கீழே சின்னதாக ஒரு பலகை வைத்தார்கள், அதைக் குனிந்து படிக்கிறவர்கள் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். சதுக்கத்திலும் அப்படித்தான். நகரமன்றச் சுவரை ஒட்டித் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1621 ஜூன் 21 அன்று, ஹாப்ஸ்பர்க் அரசை எதிர்த்துக் கிளர்ந்த 27 தலைவர்களை அங்கேதான் கொன்றார்கள், அவர்களில் 12 பேரின் தலைகள் பத்து ஆண்டுகள் பாலத்துக் கோபுரத்தில் தொங்கின. அந்தச் சிலுவைகளைக் கவனிக்காமல் மிதித்துக்கொண்டுதான் கூட்டம் கடிகாரத்தைப் பார்க்கப் போகிறது.

இதற்குத் தீர்வு முந்தின நாள் ராத்திரி ஒரு மணி நேரம் படித்துவிட்டுத் தூங்குவதுதான். போகும் தெரு ஐந்தாறு, நிற்க வேண்டிய இடம் பத்துப் பன்னிரண்டு, அவ்வளவையும் செக் நாட்டுக்காரர்களின் மாபி என்ற மேப் செயலியில் புள்ளி வைத்து, நெட் இல்லாமலே ஓடும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடைச் சந்துகள் வரை அதில் இருக்கும். அந்த ஊரின் ருசியே வீடுகளுக்கு ஊடாகப் போகும் நடைவழிகளில்தான் இருக்கிறது. கார்லோவா தெருவின் நெரிசலில் மாட்டிக்கொண்டால் க்ளெமெண்டினத்தின் முற்றங்களுக்குள் நுழைந்து பாலத்துப் பக்கம் வெளியே வந்துவிடலாம். 1775 முதல் தினமும் விடாமல் வெப்பநிலையைக் குறித்துவரும் கட்டடம் அது. டீன் தேவாலயத்துக்குப் பின்னால் உங்கெல்ட் முற்றம், பழைய காலத்து வணிகர்கள் சுங்கம் கட்டிய இடம், சதுக்கத்தின் சத்தம் அங்கே பாதியாகக் குறைந்துவிடும். அதைத் தாண்டினால் புனித யாக்கோபு தேவாலயம், உள்ளே நுழைந்து வலப்பக்கச் சுவரில் மேலே பாருங்கள், காய்ந்து கறுத்துப்போன ஒரு கை தொங்கும். மாதா சிலையின் நகையைத் திருடப் போனவனின் கையை மாதா பிடித்துக்கொண்டு விடவே இல்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது என்பது கதை.

இதே தயாரிப்பை ஆடியோ டூர் செய்து தருமே என்று கேட்கலாம். ஒருவர் மட்டும் போனால் சரி. இரண்டு மூன்று பேராகப் போனால் ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பேசாமல் நடக்க வேண்டியிருக்கிறது, ஒருவர் நிறுத்தினால் மற்றவருக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு கல்லுப் பாதை, டிராம், சைக்கிள் எல்லாம் இருக்கிற இடத்தில் காது அடைபட்டிருப்பது எனக்குப் பிடிக்காது. நீங்களே படித்துவிட்டு வந்து வீட்டாருக்குத் தமிழில் சொல்வது எந்தப் பதிவுக்கும் மேல்.

இனி தனி கைடு. இதற்குத்தான் உங்கள் பணம் போக வேண்டும், ஆனால் நாள் முழுக்க வேண்டாம், மூன்று நான்கு மணி நேரம் போதும், அதையும் சதுக்கத்திலும் பாலத்திலும் செலவழிக்க வேண்டாம். நேராக யோசஃபோவ் என்ற யூதக் குடியிருப்பில் தொடங்கச் சொல்லுங்கள்.

காரணம் இருக்கிறது. தனியாக யோசஃபோவுக்குள் நடந்தால் உங்கள் கண்ணுக்குப் படுவது விலை உயர்ந்த கடைகளும் அகலமான அழகிய தெருவும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பழைய சேரியை இடித்துத் தள்ளிவிட்டுக் கட்டியது அந்தத் தெரு. ஜெபக்கூடங்கள் ஆறும் கல்லறைத் தோட்டமும் நகரமன்றமும் மட்டும் மிஞ்சின. எங்கே என்ன இருந்தது என்பதை ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால்தான் அந்த இடம் புரியும். பிங்காஸ் ஜெபக்கூடத்துக்குள் போனால் சுவர் முழுக்க எழுத்துகள். நாஜிகள் கொன்ற போஹேமியா, மொராவியா பகுதி யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள், ஊர்வாரியாக, குடும்பப் பெயர் சிவப்பிலும் மற்றவை கறுப்பிலும், கையால் எழுதியவை. 1950-களில் எழுதினார்கள், 1968-க்குப் பின் ஈரத்தைக் காரணம் காட்டிக் கட்டடத்தை மூடினார்கள், எழுத்துகள் அழிந்தன, கம்யூனிஸ்ட் ஆட்சி போனபின் 1990-களில் மறுபடி ஒவ்வொரு பெயராக எழுதினார்கள். மாடியில் டெரெசீன் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன, வீடு, பூ, பட்டாம்பூச்சி. நல்ல கைடு அங்கே அதிகம் பேச மாட்டார். வெளியே பழைய கல்லறைத் தோட்டம், நிலம் போதாமல் பழைய கல்லறைக்கு மேலேயே மண் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்ததில் கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. 1439-இல் நட்ட கல் முதல் கணக்கு, 1787-இல் நிறுத்தினார்கள், ஏறத்தாழ 12,000 கற்கள். எந்தக் கல்லில் இருக்கும் திராட்சைக் கொத்து எதைக் குறிக்கிறது, எது லோவ் என்ற புகழ்பெற்ற யூத மதகுருவின் கல்லறை, ஏன் அதன்மேல் கூழாங்கற்களும் துண்டுச்சீட்டுகளும் இருக்கின்றன என்று காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். குரூப் டூர் இந்த வாசலுக்கு வெளியே நின்று பத்து நிமிடம் பேசிவிட்டுப் போய்விடும், அது போதவே போதாது என்பதுதான் என் வாதத்தின் மையம்.

அங்கிருந்து ஆற்றங்கரைக்கு வந்தால் யான் பலாக் சதுக்கம். சோவியத் படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்த மாணவர் பலாக் படித்த கலைப்புலம் இதே சதுக்கத்தில் இருக்கிறது, கட்டடத்தின் மூலையில் அவர் முகத்தை அச்செடுத்த வெண்கலம் பதித்திருக்கிறார்கள். சார்லஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது அந்தக் கலைப்புலம். தமிழ் இலக்கியத்தை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவெலபில் ப்ராகில் பிறந்தவர், இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர், 1968 படையெடுப்புக்குப் பின்தான் நாட்டைவிட்டுப் போனார். தமிழ் படிக்கிறவர்கள் அந்தச் சதுக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பது மரியாதை.

கோட்டையில் கைடு தேவைப்படுவது பேராலயத்துக்காக. முற்றங்களுக்குள் போக டிக்கெட் கிடையாது, வாசலில் பை சோதனை மட்டும் இருக்கலாம். புனித வீத்து பேராலயத்தை 1344-இல் தொடங்கினார்கள், முடித்தது 1929-இல். கிழக்குப் பாதி நடுக்காலத்தது, மேற்குப் பாதியும் நுழைவாயிலின் இரண்டு கோபுரங்களும் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் சேர்த்தவை. எங்கே பழையது முடிந்து புதியது தொடங்குகிறது என்று நீங்களாகக் கண்டுபிடிப்பது கஷ்டம், கைடு ஒரு தூணைக் காட்டிச் சொன்னதும் அப்புறம் வேறு மாதிரி பார்க்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வழிபாடு என்பதால் பார்வையாளர்களை மதியம்தான் விடுவார்கள். நண்பகல் பன்னிரண்டுக்கு வாத்தியத்தோடு காவலர் மாற்றம் நடக்கும், கூட்டம் அதற்குத்தான் வரும். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை, அந்த நேரத்தில் பேராலய வரிசை குறைகிறதா என்று பார்ப்பேன். தங்கச் சந்து என்ற குட்டி வீடுகளின் தெருவை, எழுத்தாளர் காஃப்கா உட்கார்ந்து எழுதிய 22-ஆம் எண் வீடு உட்பட, கைடு இல்லாமலே பார்க்கலாம்.

பணம் கொடுத்துச் சேரும் சின்னக் குரூப் டூர்களும் இருக்கின்றன, இரண்டாம் உலகப்போர், கம்யூனிஸ்ட் காலம், பேய்க்கதை, சாப்பாடு என்று தலைப்பு வாரியாக. போர்க்கால டூர் ஒன்றை மட்டும் நான் மனதாரச் சொல்வேன், ரெஸ்லோவா தெருவில் இருக்கும் தேவாலயத்துக்கு அழைத்துப்போவதாக இருந்தால். நாஜி அதிகாரி ஹைட்ரிக்கைத் தாக்கிய வீரர்களும் அவர்கள் கூட்டாளிகளுமாக ஏழு பேர் 1942 ஜூன் 18 அன்று அங்கே கடைசிவரை சண்டையிட்டு இறந்தார்கள். நிலவறையின் காற்றுத்துளையைச் சுற்றித் தெருச்சுவரில் குண்டு பட்ட குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. சாப்பாட்டு டூர் பெரும்பாலும் இறைச்சியும் பியரும்தான், சைவக்காரர்கள் விட்டுவிடலாம்.

இதையெல்லாம் வைத்து, யாருக்கு எது என்று பார்ப்போம். அப்பா அம்மாவோடு மூன்று நாள் என்றால் ஒரு நாள் டிராமில் ஏறி மேலிருந்து கீழே நிதானமாக, நீங்களே. இன்னொரு நாள் காலை கைடோடு யோசஃபோவ், மதியம் ஓய்வு, சாயங்காலம் விஷெஹ்ராட் கோட்டை மேட்டில் உட்கார்ந்து ஆற்றைப் பாருங்கள், இசையமைப்பாளர்கள் ட்வோர்ஷாக்கும் ஸ்மெத்தனாவும் அடக்கமான கல்லறைத் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது நாளை விட்டுவையுங்கள், எங்கே மறுபடி போக வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் கைடு வேண்டாம், குரூப் சுத்தமாக வேண்டாம், காம்பா தீவில் ஓடவிட்டுவிட்டு அங்கிருந்தே பாலத்தைப் பாருங்கள். தனி ஆளாக மாணவர் பட்ஜெட்டில் வருகிறவர்கள் முதல் நாள் குடைக்குப் பின்னால் போய், மறுநாள் விடியலில் அதே பாதையைத் தனியாக நடந்து பாருங்கள், முதல் நாள் கேட்டது அப்போதுதான் கண்ணில் படும். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் விடியலில் பாலம், பத்து மணிக்குக் குரூப் டூர், மதியம் பிங்காஸ் ஜெபக்கூடமும் கல்லறைத் தோட்டமும். கோட்டையைப் பாலத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் கொருனா தேவைப்படும். மையத்தில் இருக்கும் மாற்றுக் கடைகளில் போர்டில் ஒரு விலை, கையில் வருவது வேறு விலை என்று ஆகிவிடலாம். 1000 யூரோ வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்து ரத்து செய்ய 2019 முதல் சட்டத்தில் உரிமை இருக்கிறது, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கைடைப் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். ஜெபக்கூடங்களுக்கும் பேராலயத்துக்கும் உள்ளே எங்களோடு வந்து விளக்குவீர்களா, வெளியிலேயே நின்றுகொள்வீர்களா? நுழைவு டிக்கெட் உங்கள் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா? நடுவில் ஒரு காபிக்கு உட்கார்ந்தால் அந்த நேரமும் கணக்கில் வருமா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் குறிக்கும்போது சனிக்கிழமையையும் யூதப் பண்டிகை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள், அன்றைக்கு யூத அருங்காட்சியகம் மொத்தமும் மூடியிருக்கும்.